மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் விரல்

ஆவி என்று மொத்தக் கம்பெனியும் நம்பிக்கொண்டிருந்த ஆள், மெயின் கேட்டில் உட்கார்ந்து விசிட்டர் பாஸ் எழுதிக்கொண்டிருந்தான். இடது கையால் எழுதினான். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

“பேரு?”

“இசைவாணி.”

“எங்கேந்து?”

“மறைமலை நகர், பேனல் ஷாப். மூணாம் நம்பர் பிரஸ் பாக்க வந்திருக்கேன்.”

பேனா நின்றது. “சார் யாரும் வரலியா மேடம்?”

ஒரகடத்தில் அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத கேட்டும் இல்லை. “நான்தான் சார்,” என்றாள்.

“கோச்சுக்காதீங்க. அந்த மிஷின்கிட்ட பொம்பளைங்க தனியா போவக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க. அதான் கேட்டேன்.” பாஸைக் கிழித்து நீட்டினான். “என் பேரு சாம்சன். என்னுதுதான்னு சொல்றாங்க.”

“எது உங்களுது?”

வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்தது. கட்டைவிரல் இருந்தது, சுண்டுவிரல் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் இல்லை.

“மூணு போச்சு மேடம். ரெண்டு டைல, அந்தத் தகடு வெக்கற அச்சுல, கெடச்சுது. கவர்ல போட்டு ஐஸ் வெச்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு ஓடினாங்க, ஒட்டல. என் பொண்டாட்டி ஜாஸ்மின் அத எடுத்தும்போயி பென்னலூர்ல எங்கப்பா கல்லறைக்குப் பக்கத்துல பொதைச்சுட்டா. ஒண்ணு மட்டும் கெடைக்கவே இல்ல. ஸ்கிராப்போட போச்சா, அடிச்ச ஜாபோட போச்சா தெரியல. எந்தக் காருக்குள்ள போயி குந்திக்கினு கீதோ. இங்க இன்னாடான்னா, அது பிரஸ்லயே கீது, அதான் மிஷின நிறுத்துதுன்றாங்க.” கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். “என்னுது நல்ல வெரலு மேடம். எவனையும் ஒண்ணும் பண்ணாது. பாத்துட்டு நீங்களாவது சொல்லுங்க.”

இசைவாணி பாஸை வாங்கிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அவளுக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அம்மா கேன்டீனில் பாத்திரம் கழுவிப் படிக்க வைத்த டிகிரி. அதை வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்துக்குப் பயந்தால் அம்மாவின் கைப்புண்ணுக்கு அவமானம். அதோடு, இந்த ஆவியின் பெயரும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். அதன் பெயர் லூஸ் ஸ்க்ரூ.

சாம்சனுக்கு அடிபட்ட பிறகுதான் கம்பெனிக்குப் புத்தி வந்து, கார் பாகத்துக்குத் தகடு அடிக்கிற மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு, அதை இயக்கும் வயரெல்லாம் அடங்கிய புது பேனலும் லைட் கர்ட்டனும் ஆர்டர் கொடுத்தது. பிரஸ்ஸின் வாய்க்கு இரு பக்கமும் இரண்டு மஞ்சள் தூண்கள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் போகும். கை குறுக்கே வந்தால் கோடு அறும், பிரஸ் அந்த நொடியே நிற்கும். அதுதான் லைட் கர்ட்டன். முழுக் கையை மட்டும் பார்க்கிற ரகம் ஒன்று உண்டு, ஒற்றை விரலைக்கூடப் பார்த்துவிடுகிற ரகம் ஒன்று உண்டு. இசைவாணி சண்டை போட்டு விரல் ரகத்தை வாங்க வைத்தாள்.

டெர்மினலுக்கும் சண்டை போட்டாள். அதில் தோற்றாள். வெளியிலிருந்து வரும் வயரும் பேனலுக்குள் ஓடும் வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது டெர்மினலில்தான். டின் ரயில் என்கிற இரும்புப் பட்டையில் பல்வரிசை போல மாட்டியிருக்கும் சின்னக் கட்டைகள். பிரஸ் அடிக்கிற இடத்தில் தரையே அதிரும், அதிர அதிர ஸ்க்ரூ இளகும், அதனால் வயரைத் தானே கவ்விக்கொள்ளும் ஸ்பிரிங் டெர்மினல் போடலாம் என்று சொன்னாள். அவள் ஷாப் முதலாளி ஏகாம்பரநாதன் கேட்கவில்லை. “ஊரெல்லாம் ஸ்க்ரூதாம்மா. உனக்கு மட்டும் இன்னா தனியா?” என்றார்.

இப்போது பிரஸ் தானாக நிற்கிறதாம். ஆள் இல்லாதபோதும் நிற்கிறதாம். இளகிய ஸ்க்ரூவை முதலாளி முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசையோடுதான் அவள் ஸ்பிரிங் டெர்மினல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பிரஸ் ஷாப்பில் மற்ற மிஷின்கள் எல்லாம் இடித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நம்பர் மட்டும் வாயைத் திறந்தபடி சும்மா நின்றது. மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பக்கத்துத் தூணில் யாரோ ஜெப எண்ணெயால் சிலுவை போட்டிருந்தார்கள். எலுமிச்சை நிர்வாகத்தின் செலவு, எண்ணெய் தொழிலாளியின் செலவு என்று மெயின்டனன்ஸ் பையன் அஸ்வின் விளக்கினான். அவன் பேனலுக்கு இரண்டடி தள்ளியே நின்றான்.

சாம்சன் நின்ற இடத்தில் இப்போது மரகதம் என்கிற பெண் நின்றாள். காண்ட்ராக்ட் ஆள். முப்பதைத் தொட்டிருக்கலாம். பச்சைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. பிரஸ் அடிக்கும் பெடலில் காலை வைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

புரொடக்ஷன் மேனேஜர் பிரசன்னா வேகமாக வந்தார். “ஏம்மா, உங்க ஷாப்புல வேற யாரும் இல்லியா?”

“ஏன் சார், பேயி பாக்கறதுக்கு ஆம்பளைங்கதான் வரணுமா?”

அஸ்வின் சிரிப்பை இருமலாக்கினான். பிரசன்னாவின் முகம் சுருங்கியது. “வாய் நல்லா இருக்கு. வேலையும் அப்படி இருந்தா சரி. ஃபர்ஸ்ட் ஷிஃப்டு பஸ் கிளம்பறதுக்குள்ள மிஷின் ஓடணும்.”

அவர் போனதும் இசைவாணி மெயின் ஸ்விட்சை அணைத்தாள், பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள், மீட்டரைத் தொட்டுக் கரன்ட் இல்லை என்று உறுதிசெய்தாள். பிறகுதான் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள்.

முதல் டெர்மினல் இறுக்கமாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். வரிசை முழுக்க ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஸ்க்ரூ ஒன்றுகூட இளகவில்லை. முதலாளி வாங்கிய மலிவு டெர்மினல் கல்லு மாதிரி நின்றது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். கர்ட்டனின் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே, வரிசையின் மேல்பக்கக் குழியில், சிவப்பாக ஒன்று குத்தி வைக்கப்பட்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. லிங்க். பக்கத்துப் பக்கத்து டெர்மினலை ஒன்றாகச் சேர்க்கிற, சிவப்பு உறை போட்ட சின்னப் பித்தளைப் பாலம். அவள் கொடுத்த பேனலில் அது இல்லை.

அந்த லிங்க் அங்கே இருந்தால் கர்ட்டன் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கை உள்ளே போனாலும், ‘கை இல்லை, அடி’ என்றுதான் பிரஸ்ஸுக்குச் செய்தி போகும்.

“அஸ்வின், இது யாரு போட்டது?”

அவன் தரையைப் பார்த்தான். “பிரசன்னா சார் போடச் சொன்னாரு மேடம். கர்ட்டன் சும்மா சும்மா நிறுத்துது, பீஸ் கவுன்ட் வரலன்னு.”

“எப்போலேர்ந்து?”

“கர்ட்டன் வந்து கொஞ்ச நாள்லயே.”

“அப்ப இந்தம்மா இத்தினி நாளா கண்ணில்லாத மிஷின்லதான் கைய விட்டுட்டு இருக்காங்க?”

“அதில்ல மேடம் விஷயம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “லிங்க் போட்டா நிக்கக் கூடாதுல்ல? கர்ட்டன் கண்ணையே கட்டியாச்சு. அப்பவும் நிக்குது. அதான் எல்லாரும் பயந்துட்டாங்க. கர்ட்டன் பாக்கல. அப்ப வெரலப் பாக்கறது யாரு?”

பிரஸ் ஷாப்பின் அத்தனை சத்தத்திலும் இசைவாணியின் பின்கழுத்து சில்லிட்டது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஃபியூஸ் வாங்கி வா என்று அஸ்வினை ஸ்டோருக்கு விரட்டினாள்.

காரணம் இல்லாமல் கரன்ட் நிற்காது. லிங்கைத் தாண்டி எங்கோதான் அறுகிறது. லிங்கிலிருந்து, பிரஸ்ஸை ஓட விடும் ரிலேவுக்குப் போகும் ஒரே வயரைப் பிடித்தாள். முன்பே இழுத்துப் பார்த்ததுதான். இறுக்கம். இருந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றி வயரை வெளியே எடுத்தாள்.

வயரின் முனையில் அவள் ஷாப்பில் அழுத்திய, பின் லக் என்கிற உலோக முனை இல்லை. யாரோ நறுக்கியிருந்தார்கள். செம்பு இழைகள் எள்ளளவுதான் வெளியே தெரிந்தன. மீதி எல்லாம் மேல்தோலோடு ஸ்க்ரூவுக்குக் கீழே போயிருந்தது. ஸ்க்ரூ கடித்திருந்தது பிளாஸ்டிக்கை. அதனால்தான் இழுத்தால் வரவில்லை. செம்பு மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தது. பிரஸ் நாலு அடி அடித்தால் ஒரு தடவை தொடுவதை விடும். மிஷின் நிற்கும். மறுபடி தொடும்.

இதோ உங்கள் ஆவி. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. இழைகள் ஒன்றுகூடச் சிதறாமல் முறுக்கியிருந்தன. அவசரக்காரன் செய்த தப்பு இல்லை இது. வேண்டுமென்றே செய்த தப்பு.

டீ மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாரும் கேன்டீனுக்குப் போக, மரகதம் மட்டும் போகவில்லை. தரையில் கிடந்த வயர்த் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்து, முனையை நகத்தால் தடவிப் பார்த்தாள். தன்னை அறியாமல் செய்கிற பழக்கம் அது. இசைவாணி அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார் வயரிங் ஹார்னஸ் லைன்ல இருந்தீங்களா?”

வயர் துண்டு கீழே விழுந்தது. “இருங்காட்டுக்கோட்டைல. இன்னாத்துக்கு மேடம்?”

“இன்சுலேஷன் கடிச்சிருந்தா அங்க இன்னா பண்ணுவீங்க?”

“சேப்புத் தொட்டில போட்ருவோம். ரிஜக்ட்டு.” சொல்லி முடித்த பிறகுதான் மரகதத்துக்குக் கேள்வி புரிந்தது.

இசைவாணி அந்த வயரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அப்ப இத மட்டும் ஏன் உள்ள வெச்சீங்க?”

மரகதம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவளும் கோபமாகத்தான் பேசினாள்.

“வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? லிங்க்க குத்தும்போது நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். ‘ஒண்ணுமில்ல, நீ ஓட்டு’ன்னாரு. அந்த மிஷின்ல எந்த எடத்துல அந்தாளு வெரலு போச்சோ, அதே எடத்துலதான் நான் ஜாப் வெக்கறேன்.”

“சேஃப்டி ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? நாளைக்கு இந்த எடத்துல வேற ஒருத்தி நிப்பா. லிங்க் அதே எடத்துல நிக்கும்.” கையுறையைக் கழற்றிக் கோட்டில் துடைத்தாள். “வெரலு போனா ஆரு வராங்க மேடம்? புரொடக்ஷன் போனாதான் வருவாங்க. நீங்க வந்தீங்கல்ல? எவனாவது வெளியாளு வந்து தொறந்து அந்தச் சேப்ப பாக்கட்டும்னுதான் பண்ணேன். பேயின்னு ஆரம்பிச்சது நான் இல்ல. அது அவங்களே சொல்லிக்கினது. நானும் சரின்னு விட்டுட்டேன்.”

“பேனல எப்படித் தொறந்தீங்க?”

“ரெண்டு ரூபா காசு போதும் மேடம், இந்தப் பூட்டுக்கு. டீக்கு மெயின ஆஃப் பண்ணிட்டுதான் போவாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “சொல்லிடுவீங்களா?”

இசைவாணி பதில் சொல்வதற்குள் செல் அடித்தது. முதலாளி.

“இன்னாமா, லிங்க் மேட்டர்ல நீ ஏதோ கேட்டியாமே. பிரசன்னா சாருக்கு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. ஃபால்ட்ட மட்டும் பாரு. லிங்க் அவங்க பாடு. கஸ்டமர் சொன்னத செஞ்சுட்டு வந்து சேரு.”

“இந்தம்மா கை போச்சுன்னா சார்?”

“நம்ம பேனல்ல போகலல்ல? அவங்க போட்ட லிங்க்ல போச்சு. போன வை.”

அவள் செல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வயரைச் சரிசெய்தால் மிஷின் நிற்காது. லிங்க் இருக்கும். கண் இல்லாத பிரஸ், கேட்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும். லிங்கைப் பிடுங்கினால் அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் இன்னொரு லிங்க் வரும். கடையில் கொத்துக்கொத்தாகக் கிடைக்கிறது. வயரை இப்படியே விட்டால், இன்னொரு ஷாப்பிலிருந்து ஒரு நல்ல எலெக்ட்ரீஷியன் வருவான், ஒரே நிமிடத்தில் ஆவியை ஓட்டிவிட்டுப் போவான்.

“உங்க கை எனக்கு வேணும்,” என்றாள் மரகதத்திடம். “இந்த டார்ச்சப் புடிங்க.”

பழைய டெர்மினல் வரிசை முழுவதையும் ரயிலிலிருந்து கழற்றிப் போட்டாள். பெட்டியிலிருந்து ஸ்பிரிங் டெர்மினலை எடுத்தாள். அதிலும் இரண்டு ரகம் கொண்டுவந்திருந்தாள். லிங்க் குத்தக் குழி உள்ளதை ஒதுக்கினாள். குழியே இல்லாத, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டை உள்ள ரகத்தை எடுத்தாள். அதில் இரண்டாவது வயர் நுழையாது. கர்ட்டனின் இரண்டு டெர்மினல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், நடுவே மைனஸ் ஓடுகிற ஒன்றை நட்டாள். எவனாவது கம்பியை வைத்து இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் நடுவில் இருப்பதைத் தொடாமல் முடியாது. தொட்டால் ஃபியூஸ் போகும், பிரஸ் செத்துப்போகும்.

செய்யவே முடியாது என்று சொல்ல வரவில்லை. மெனக்கெட்டால் முடியும். ஆனால் பிரசன்னா மெனக்கெட்டுத் தப்புச் செய்கிற ஆள் இல்லை. சுலபமாக இருப்பதால் செய்கிற ஆள்.

ஒவ்வொரு வயருக்கும் புதிதாகப் பின் லக் அழுத்தினாள். செருகினாள், ஸ்பிரிங் ‘டக்’கென்று கவ்வியது, இழுத்துப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது.

“இதுக்கு ஒரு பக்கம் செவுரே இல்லியே,” என்றாள் மரகதம், ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

“பக்கத்துல வந்து நிக்கறதுதான் அதுக்குச் செவுரு. கடைசில நிக்கறதுக்கு மட்டும் தனியா மூடி போடணும். போடலன்னா உள்ள கரன்ட் தெறந்து கெடக்கும்.”

“கடைசில நிக்கறதுக்குதான் எப்பவும் கஷ்டம்,” என்று மரகதம் சொல்லிவிட்டு அந்த மூடியை எடுத்து நீட்டினாள். “என் பொண்ணுக்கு முடி ஜாஸ்தி மேடம். காலைல நான்தான் பின்னி விடணும். வேற ஒண்ணும் இல்ல.”

இசைவாணி மூடியைப் பொருத்தினாள். வரிசை நகராமல் இரண்டு முனையிலும் கிளாம்பை இறுக்கினாள். சிவப்பு லிங்கையும், தோல் கடிபட்டிருந்த வயர் முனையையும் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அஸ்வின் ஃபியூஸோடு வந்தான், பின்னாலேயே பிரசன்னாவும். டீ முடிந்து வந்தவர்கள் நாலு பேர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னா ஃபால்ட்டு?”

இசைவாணி மரகதத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். நாலு வருஷம் படித்த படிப்பு வாயில் வந்து முட்டியது. அதை அப்படியே விழுங்கினாள்.

“வயர்ல ஒண்ணும் இல்ல சார். எல்லா ஸ்க்ரூவும் டைட்டா இருந்துச்சு. நீங்களே அஸ்வின கேளுங்க.”

அஸ்வின் தலையாட்டினான். ஸ்க்ரூ வரைக்கும் அது உண்மைதான்.

“அப்ப?”

“விரல்தான் சார்.”

யாரும் சிரிக்கவில்லை.

“விளையாடறியா?”

“கர்ட்டன் கண்ணக் கட்டுனீங்க. அப்பவும் நின்னுச்சு. நான் இன்ஜினியர் சார், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் மாத்திட்டேன். கண்ணத் தெறந்து விட்டிருக்கேன். பாக்கறவங்கள பாக்க விட்டா கம்முனு இருப்பாங்களோ என்னமோ. மறுபடி லிங்க் குத்துனா மிஷின் சுத்தமா படுத்துரும், அதுக்கு நான் பொறுப்பில்ல.”

பிரசன்னாவின் பார்வை எலுமிச்சம்பழத்துக்குப் போய்த் திரும்பியது. “ட்ரையல் ஓட்டு,” என்றார்.

பூட்டை எடுத்து மெயினைப் போட்டாள். கர்ட்டன் தூணில் பச்சை விளக்கு எரிந்தது. விரல் பருமன் உள்ள டெஸ்ட் ராடை இசைவாணி ஒளிக்கோட்டுக்குள் நீட்டினாள். சிவப்பு. வெளியே எடுத்தாள். பச்சை. எல்லாம் பாடத்தில் உள்ளபடி.

மரகதம் தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள், பெடலை மிதித்தாள். பிரஸ் இறங்கி ஏறியது. அடுத்த தகடு. அடுத்தது. தரை அதிர்ந்தது, டெர்மினல்கள் அசையவில்லை. இடிக்கும் தாளத்தில் இசைவாணியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. பிரசன்னா திரும்பி நடக்கத் தொடங்கினார்.

பிரஸ் பாதி வழியில் நின்றது.

மரகதத்தின் இரண்டு கைகளும் மார்புக்கு நேராக, வெளியே இருந்தன. டையின்மேல் தகடு மட்டும் கிடந்தது. கர்ட்டன் தூணில் சிவப்பு விளக்கு.

இந்தத் தடவை லிங்க் இல்லை. தோல் கடிபட்ட வயர் இல்லை. அது இசைவாணியின் பாக்கெட்டில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் கர்ட்டன் எதையோ பார்க்கிறது என்று அர்த்தம். எண்ணெய்ப் புகையா என்று பார்த்தாள், காற்று தெளிவாக இருந்தது. கண்ணாடியில் தூசியா என்று பார்த்தாள், சற்று முன்புதான் துடைத்திருந்தாள். பக்கத்தில் வெல்டிங் வெளிச்சமும் இல்லை. ஒரு காரணம் இருக்கும். இல்லாமல் இருக்காது. அவள் மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் மெதுவாக, மற்றவர்களுக்குத் தெரியாதபடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் இல்லை.

யாரும் எதையும் தொடவில்லை. சிவப்பு தானாக அணைந்தது. பச்சை எரிந்தது.

“மேடம்,” என்றார் பிரசன்னா. அதுவரை அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “இப்படியே விட்டுடுங்க. எவ்ளோ நிக்குதோ நின்னுட்டுப் போகட்டும்.” அஸ்வினிடம் திரும்பினார். “அந்தப் பேனல எவனும் தொறக்கக் கூடாது.”

“நான் ஏன் சார் தொறக்கப் போறேன்,” என்றான் அஸ்வின். இப்போது அவன் மூன்றடி தள்ளி நின்றான்.

மரகதம் அடுத்த தகட்டை எடுத்து வைத்தாள். கையை வெளியே எடுத்த பிறகு, உள்ளே ஒரு தடவை பார்த்தாள், யாரோ கையை எடுத்துக்கொள்ள நேரம் கொடுப்பது போல. அப்புறம் பெடலை மிதித்தாள். பிரஸ் இறங்கியது.

இசைவாணி கேட்டுக்கு வரும்போது ஃபர்ஸ்ட் ஷிஃப்டு பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. சாம்சன் எழுந்து நின்றான்.

“இன்னா மேடம், என்னுதா?”

வரும் வழியெல்லாம் பதிலைத் தயார்செய்துகொண்டுதான் வந்தாள். வயர் ஃபால்ட்டுண்ணா, உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த வாக்கியம் அவள் நாக்கிலேயே இருந்தது. வெளியே வரவில்லை.

“ஆமாண்ணா,” என்றாள். “உங்களுதுதான்.”

அவன் முகம் விழுந்துவிட்டது. “ஆரயாவது பயமுறுத்துச்சா?”

“மேனேஜர் பயந்துட்டாரு.”

“அந்தப் பொண்ணு? மரகதம்?”

“அவங்க பயப்படல. உங்க விரல் இருக்கறது அவங்களுக்கு நல்லதுதாண்ணா.”

ஒரு பஸ் கேட்டைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் மரகதம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிமேல் அவள் உள்ளங்கை பதிந்திருந்தது, ஐந்து விரலும் விரிந்து. சாம்சன் பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் கேட்டுக்கு வந்துட்டேன்,” என்றான். “அது மட்டும் இன்னும் அங்கயே ஷிஃப்டு பாத்துக்கினு கீதா?”

“ம்.”

இசைவாணி விசிட்டர் பாஸை நீட்டினாள். அதை வாங்க அவன் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தான்.